மூன்றில் தோற்றாலும் ரேட்டிங் ஏறும்: செஸ் போட்டிக் கணக்கு

நூறு பேர் ஆடும் செஸ் போட்டியில் எல்லோரும் எல்லோருடனும் மோத வேண்டுமென்றால் 99 சுற்றுகள் தேவைப்படும். நாக் அவுட் வைத்தால் பாதிப் பேர் முதல் சுற்றோடு மூட்டை கட்ட வேண்டியதுதான். இரண்டுக்கும் மாற்றாக வந்தது சுவிஸ் முறை. 1895இல் சூரிக் நகரில் நடந்த போட்டியில் அறிமுகமான இந்த முறையில்தான் இன்றைய ஓபன் போட்டிகள் பெரும்பாலும் நடக்கின்றன.

சுவிஸ் முறையில் தோற்றவர் வெளியேறுவதில்லை. வெற்றிக்கு 1 புள்ளி, டிராவுக்கு அரைப் புள்ளி. ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய ஒரே புள்ளியில் இருப்பவர்களைச் சோடி சேர்ப்பார்கள். ஒருமுறை மோதியவர்கள் அதே போட்டியில் மறுபடி மோதுவதில்லை. வெள்ளைக் காயும் கறுப்புக் காயும் கூடியவரை மாறி மாறி வரும்.

முதல் சுற்றில் ரேட்டிங், அதாவது ஆட்டத் திறனைக் காட்டும் எண், வரிசையை இரண்டு பாதியாகப் பிரிப்பார்கள். நூறு பேரில் முதலிடத்தவருக்கு எதிரே 51ஆம் இடத்தவர் அமர்வார். அதனால் முதல் நாள் முடிவுகளில் வியப்பு குறைவு. போகப் போகத்தான் சம பலமுள்ளவர்கள் நேருக்கு நேர் வருவார்கள். கடைசியில் இருவர் ஒரே புள்ளியில் நின்றால், அவர்களுடைய எதிராளிகள் எடுத்த புள்ளிகளைக் கூட்டிப் பார்ப்பதும் வழக்கம். வலுவானவர்களோடு மோதியவருக்கே முன்னிடம்.

ரேட்டிங் எப்படி மாறுகிறது?

ரேட்டிங் கணக்கை வகுத்தவர் ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த இயற்பியல் பேராசிரியர் ஆர்பட் ஈலோ. உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே 1970இல் இதை ஏற்றது. இருவரின் ரேட்டிங் வித்தியாசத்தை வைத்து, யார் எவ்வளவு புள்ளி எடுப்பார் என்று இது முன்கூட்டியே கணிக்கிறது. கணிப்பைவிடக் கூடுதலாக எடுத்தால் ரேட்டிங் ஏறும், குறைந்தால் இறங்கும்.

1600 ரேட்டிங் உள்ள சிறுமி, 1800 உள்ளவரோடு ஆடுவதாக வைத்துக்கொள்வோம். சிறுமியிடம் எதிர்பார்ப்பது 0.24 புள்ளி. 18 வயதுக்கு உட்பட்டு, 2300க்குக் கீழே இருப்பவர்களுக்கு, எடுத்த புள்ளிக்கும் கணித்த புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தை 40ஆல் பெருக்குவார்கள். வென்றால் 30.4 ஏறும், தோற்றால் 9.6 இறங்கும். அப்படிப்பட்ட நால்வரில் மூவரிடம் தோற்று ஒருவரை வென்றாலும் 1.6 கூடுகிறது. அதே வயதில் 1800இல் இருக்கும் பையன், 1600 உள்ள நால்வரில் மூவரை வென்று ஒருவரிடம் தோற்றால் 1.6 இழக்கிறான். 2400ஐ ஒருமுறை தொட்டவர்களுக்குப் பெருக்கும் எண் 10தான். மேலே போகப் போக ஏறுவது மெதுவாகிறது.

பட்டத்துக்கு ரேட்டிங் மட்டும் போதாது

கிராண்ட்மாஸ்டர் ஆக 2500 ரேட்டிங்கைத் தொட வேண்டும். அதோடு, வலுவான போட்டிகளில் 2600 தரத்துக்கு ஆடிப் பெறும் 'நார்ம்' தகுதி பொதுவாக மூன்று முறை வேண்டும். சென்னை செஸ் வீராங்கனை வைஷாலி 2023 அக்டோபரில் கத்தாரில் மூன்றாவது நார்மை முடித்தார். ஆனால் டிசம்பரில் ஸ்பெயினில் 2500ஐக் கடந்த பிறகே பட்டத்துக்கான தகுதி நிறைவடைந்தது.

பிள்ளை போட்டி முடிந்து வந்ததும் எத்தனையாவது இடம் என்று மட்டும் கேட்காதீர்கள். யார் யாரோடு ஆடினாய் என்றும் கேளுங்கள். ரேட்டிங் கணக்கும் அதைத்தான் பார்க்கிறது.