பாலாத்துல தண்ணி வந்தாச்சு... ராஃப்டிங் போலாமா பாஸ்?

வருடத்தில் பெரும்பாலான நாள்கள் செவிலிமேடு பாலாற்றுப் பாலத்தில் வண்டியை ஓரங்கட்டிக் கீழே பார்த்தால், கண்ணுக்கு எட்டின தூரம் வரை மணல்தான். நடுநடுவே சீமைக்கருவேலம், கொஞ்சம் கோரைப்புல். நல்ல மழை பெய்த ஐப்பசி, கார்த்திகையில் அதே பாலத்தில் செல்ஃபி எடுக்க இடம் கிடைக்காது. கரைக்குக் கரை செம்மண் நிறத்தில் தண்ணீர். அன்று சாயங்காலமே வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜ் வந்துவிடும்: "ரிஷிகேஷ் எதுக்குடா மச்சி? ரெண்டு லாரி ட்யூப் எடுத்துட்டு வா, இங்கயே ராஃப்டிங் போலாம்!"

பாதி விளையாட்டுக்குச் சொல்வதுதான். ஆனால் மீதிப் பாதியை நம்பி ஆற்றில் இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ராஃப்டிங் நடக்கும் ஆற்றுக்கும் வெள்ளம் போகும் ஆற்றுக்கும் என்ன வித்தியாசம்? இரண்டிலும் தண்ணீர் வேகமாகத்தானே ஓடுகிறது?

தண்ணீரைத் திறப்பது யார்?

கர்நாடகாவின் தண்டேலியில் காளி ஆற்றில் ராஃப்டிங் நடக்கிறது. ஆற்றின் மேலே சூபா அணை. அங்கிருந்து எவ்வளவு தண்ணீர் திறக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அன்றைக்குப் படகு இறங்குமா, இறங்காதா என்பது முடிவாகும். மகாராஷ்டிராவின் கோலாடில் இன்னும் சுவாரஸ்யம். மின் உற்பத்தி முடிந்து குண்டலிகா ஆற்றில் தண்ணீர் விடும் காலை நேரம்தான் அங்கே ராஃப்டிங் நேரம். லேட்டாக எழுந்தால் அன்றைய ட்ரிப் அவுட்!

அதாவது, படகு ஏறுவதற்கு முன்பே தண்ணீரின் அளவு தெரியும். எந்த வளைவில் பாறை, எங்கே சுழல் என்று கைடுக்கு மனப்பாடம். ஆற்றின் கடினத்தை 1 முதல் 6 வரை கிரேடு போட்டுப் பிரிப்பார்கள். 1 என்றால் லேசான அலை. 3 என்றால் நன்றாக நனைந்து, கத்தி, சிரித்துவிட்டு வரலாம். 5 அனுபவசாலிகளுக்கு. 6 பக்கம் போகவே வேண்டாம். ஆனால் கிரேடு நிரந்தரம் இல்லை. தண்ணீர் ஏறினால் அதே இடத்தின் கிரேடும் மாறும். ஜூலை, ஆகஸ்ட் மழையில் ரிஷிகேஷில் கங்கையிலேயே ராஃப்டிங்கை நிறுத்திவிடுகிறார்கள். வருஷம் முழுக்க அந்த ஆற்றிலேயே கிடக்கும் கைடுகளே கரையேறிவிடும் மாதங்கள் அவை.

பாலாறு ஏன் ஆகாது?

2021 நவம்பரை காஞ்சிபுரம்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பாலாற்றில் விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் வந்தது. 1903 வெள்ளத்தோடு ஒப்பிட்டுப் பேசினார்கள். வாலாஜாபாத்-அவளூர் தரைப்பாலம் சேதமானது. ஒரு லட்சம் கன அடி என்றால் எவ்வளவு? ஒரு கன அடி சுமார் 28 லிட்டர். அப்படியானால் விநாடிக்கு 28 லட்சம் லிட்டர். 12 ஆயிரம் லிட்டர் தண்ணீர் லாரிகள் 230க்கு மேல், ஒவ்வொரு விநாடியும் உங்களைத் தாண்டிப் போவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

"அவ்ளோ தண்ணி வரும்போது யாரு இறங்குவா? கம்மியா ஓடும்போதுதான் இறங்குவோம்" என்பீர்கள். சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

முதல் விஷயம், பள்ளம். பல வருடங்கள் மணல் அள்ளப்பட்ட ஆறு இது. முட்டியளவு தண்ணீரில் நடந்துகொண்டிருப்பவருக்கு அடுத்த அடியில் ஆளை முழுங்கும் குழி இருக்கலாம். கலங்கல் தண்ணீரில் அது தெரியாது. ஓரத்து மணலும் காலுக்குக் கீழே கரைந்துகொண்டே இருக்கும். நீச்சல் குளத்தில் நாலு ரவுண்டு அடிப்பவருக்கும் இது புதுசு.

இரண்டாவது, தடுப்பணை. பார்க்க ரொம்ப சாதுவாக இருக்கும், சின்ன அருவி மாதிரி. பாலாற்றில் வயலூர், ஈசூர்-வள்ளிபுரம் என்று பல இடங்களில் கட்டியிருக்கிறார்கள். நிலத்தடி நீருக்கு அருமையான ஏற்பாடு, குறையே சொல்ல முடியாது. ஆனால் நிறைந்து வழியும்போது, விழும் தண்ணீர் அடியில் போய்ச் சுருண்டு, மேல்மட்டத்தில் அணையின் சுவரை நோக்கியே திரும்பி வரும். அதில் சிக்கியவரை உள்ளே இழுத்து, வெளியே தள்ளி, மறுபடி உள்ளே இழுக்கும். நுரையில் காற்று கலந்திருப்பதால் மிதப்பதும் கஷ்டம். அதனால்தான் வெளிநாடுகளில் இதற்கு 'மூழ்கடிக்கும் இயந்திரம்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். காப்பாற்றக் குதிப்பவரும் மாட்டிக்கொள்கிற இடம் இது. இங்கே லாரி ட்யூப் உதவாது.

மூன்றாவது, மேலே என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. நந்தி மலைப் பக்கம் புறப்பட்டு, ஆந்திரா வழியாக வருகிற ஆறு. செவிலிமேட்டில் வெயில் அடிக்கும்போதே வேலூர்ப் பக்கம் பெய்த மழை இங்கே வந்து சேரும்.

அப்போ எங்க போறது?

முதல் முறை, வீட்டாரோடு என்றால் ரிஷிகேஷில் பிரம்மபுரியிலிருந்து இறங்கும் சுமார் 9 கிலோமீட்டர் போதும். நண்பர்கள் செட் என்றால் சிவபுரியிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர். அங்கே 14 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளை ஏற்ற மாட்டார்கள். டிக்கெட் போடும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள், போன பிறகு பிள்ளை அழும். பாஸ்போர்ட் இருந்தால் இலங்கையின் கித்துள்கல நல்ல சாய்ஸ். சென்னையிலிருந்து கொழும்புக்கு ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. களனி ஆறு, மிதமான வேகம். 1957இல் வந்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படம் எடுத்த இடமும் அதுதான். அப்பாவுக்கு அது ஒரு போனஸ்.

படகில் ஏறும் முன் லைஃப் ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்து யாரையாவது மேலே தூக்கச் சொல்லுங்கள். காதுவரை ஏறிவிட்டால் அது உங்கள் சைஸ் இல்லை, வேறு கேளுங்கள். தண்ணீரில் விழுந்துவிட்டால் மல்லாந்து படுத்து, கால்களை ஓட்டத்தின் திசையில் நீட்டி மிதக்க வேண்டும். எழுந்து நிற்க மட்டும் முயற்சி செய்யாதீர்கள். பாறை இடுக்கில் பாதம் மாட்டினால், இடுப்பளவு தண்ணீரே ஆளை அமுக்கிவிடும். கைடு இதைச் சொல்லித் தராமல் படகைத் தள்ளினால், காசு போனாலும் பரவாயில்லை, இறங்கிவிடுங்கள்.

மணல்தான் வேண்டும் என்றால் ஜெய்சல்மேர். ஊரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் சாம் மணல்மேடுகள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை போகலாம். பகலில் தொப்பி, ராத்திரிக்கு ஸ்வெட்டர், இரண்டும் வேண்டும். ஜீப்பை மேட்டில் ஏற்றி இறக்கும் சவாரியைக் கர்ப்பிணிகள், முதுகு வலி உள்ளவர்கள், இதய நோயாளிகள் தவிர்ப்பது நல்லது. அவ்வளவு தூரம் முடியாதவர்களுக்குத் திருச்செந்தூர் பக்கம் தேரிக்காடு இருக்கிறது. காற்று கொண்டுவந்து குவித்த சிவப்பு மணல், நடுவில் பனை. பாலைவனம் இல்லைதான், ஆனால் போட்டோவில் யாரும் கண்டுபிடிக்க முடியாது.

அதுவும் தூரம் என்றால், சித்ரா பௌர்ணமி வரை பொறுங்கள். அன்று காஞ்சி வரதராஜப் பெருமாள் செவிலிமேடு வழியாக ஐயங்கார்குளம் போய், நடவாவிக் கிணற்றில் இறங்குகிறார். பிறகு பாலாற்றுக்கு வருகிறார். மணலைத் தோண்டி ஊற்று எடுப்பதால் அதற்கு ஊறல் உற்சவம் என்று பெயர். கோடை, ஆறு காய்ந்திருக்கும். சுற்றுவட்டாரமே குடும்பம் குடும்பமாக நிலா வெளிச்சத்தில் ஆற்றுக்குள் இருக்கும்.