அக்கா சொன்னா புரியுது

அபுதாபி, துபாய், ஷார்ஜா, தோஹா, மஸ்கட் என்று வளைகுடாவில் எந்த ஊரில் குடியிருந்தாலும் நம் வீடுகளில் தினமும் காதில் விழும் ஒரு சொல் உண்டு: ட்யூஷன். ஸ்கூல் பஸ் இறக்கிவிட்டுப் போன கொஞ்ச நேரத்திலேயே மூன்றாவது மாடி ஆன்ட்டி வீட்டில் கணக்கு, அடுத்த பில்டிங்கில் இந்தி, வார இறுதியில் சயின்ஸ். வாடகை, ஸ்கூல் ஃபீஸ், பஸ் ஃபீஸ் கட்டி முடித்த கையோடு இதற்கும் ஒரு தொகையை எடுத்து வைப்பது பல குடும்பங்களுக்குச் சுமைதான்.

இந்த ட்யூஷனுக்கு அமீரகத்தில் இப்போது முறையான வழி இருக்கிறது. 2023 டிசம்பரில் கல்வி அமைச்சகமும் மனிதவள அமைச்சகமும் சேர்ந்து, தனியாகப் பாடம் சொல்லிக்கொடுப்பவர்களுக்கு ஓர் அனுமதிச் சீட்டைக் கொண்டுவந்தன. கட்டணம் கிடையாது. இரண்டு வருடம் செல்லும். நடத்தை விதிகளை ஏற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். அதில் என்னைக் கவர்ந்தது, யார் யார் விண்ணப்பிக்கலாம் என்ற பட்டியல். பள்ளி ஆசிரியர்கள், வேலையில் இல்லாதவர்கள், கல்லூரி மாணவர்கள் ஆகியோரோடு 15 முதல் 18 வயது வரையிலான பள்ளி மாணவர்களும் அதில் இருக்கிறார்கள். பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளையாலும் சொல்லிக்கொடுக்க முடியும் என்பதை அரசாங்கமே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

காசு வாங்கிச் சொல்லிக்கொடுப்பவர்களுக்கான ஏற்பாடு அது. நான் எழுத வந்தது காசு வாங்காமல் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகளைப் பற்றி.

நான் துபாயில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறேன், குடியிருப்பது ஷார்ஜாவில். எங்கள் பில்டிங்கிலும் பக்கத்து பில்டிங்கிலும் இருக்கும் சில குடும்பங்கள் சேர்ந்து, இரண்டு வருடமாகச் சனிக்கிழமை காலையில் ஒரு ஏற்பாடு செய்து வருகிறோம். ஒன்பதாவது முதல் பதினொன்றாவது வரை படிக்கும் ஆறு பிள்ளைகள், இரண்டாவது முதல் ஐந்தாவது வரை படிக்கும் பதினொரு பேருக்குப் பாடம் சொல்லித் தருகிறார்கள். யார் வீட்டு ஹால் காலியோ அங்கே பாய் விரிப்போம். நாற்பது நிமிடப் பாடம், அப்புறம் பிஸ்கட், ஜூஸ். என் வேலை பாய் விரிப்பதும் மணி பார்ப்பதும் மட்டுமே. மீதி நேரம் ஓரமாக உட்கார்ந்து அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அப்படிக் கேட்டதில் ஒன்றைச் சொல்கிறேன். மூன்றாவது படிக்கும் ஒரு பையனுக்கு 402-ல் இருந்து 178-ஐக் கழிக்கத் தெரியவில்லை. 'கடன் வாங்கு' என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். பக்கத்தில் இருப்பதோ சைபர். "அதுகிட்டயே ஒண்ணும் இல்லையே, எப்படி வாங்குறது?" என்று கேட்கிறான். நியாயமான கேள்வி! பத்தாவது படிக்கும் பெண் ஒரு தாளைக் கிழித்து நாலு நூறு திர்ஹாம் நோட்டும், இரண்டு ஒரு திர்ஹாம் காசும் செய்தாள். "கடைக்காரருக்கு 178 திர்ஹாம் கொடுக்கணும், சில்லறை இல்ல. என்ன செய்வே?" "மாத்துவேன்." ஒரு நூறை மாற்றினால் பத்து பத்து. அதில் ஒரு பத்தை மாற்றினால் பத்துக் காசு. இப்போது கையில் மூன்று நூறு, ஒன்பது பத்து, பன்னிரண்டு காசு. அதிலிருந்து 178-ஐ எண்ணிக் கொடுத்துவிட்டு, மிச்சம் 224 என்று பையனே சொல்லிவிட்டான்.

பெரிய படிப்பெல்லாம் படித்து முடித்த எனக்கு அந்த விளக்கம் தோன்றவே இல்லை. சைபரிடம் கடன் வாங்குவதில் ஒரு குழப்பம் இருக்கிறது என்பதையே மறந்து எத்தனையோ வருடம் ஆயிற்று. அவளுக்கு மறக்கவில்லை. "எனக்கும் தேர்ட்ல இதே டவுட்தான் அங்கிள்" என்றாள். பெரிய பிள்ளைகள் சொன்னால் சின்னதுகளுக்குப் புரிவதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். எந்த இடத்தில் கால் இடறும் என்பது அந்த வழியில் சமீபத்தில் நடந்து போனவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

அரபிப் பாடத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். அமீரகத்தின் தனியார் பள்ளிகளில் வேற்றுமொழிப் பிள்ளைகளும் ஒன்பதாவது வரை அரபி படித்தாக வேண்டும். கணக்கும் இங்கிலீஷும் நம்மால் எப்படியோ சொல்லிக்கொடுத்துவிட முடிகிறது. அரபியில் பல பெற்றோருக்குக் கைநாட்டுதான். 'ஐன்' என்ற ஒரே எழுத்து தனியாக நின்றால் ஒரு வடிவம், சொல்லின் முதலில் வந்தால் ஒன்று, நடுவில் வந்தால் ஒன்று, கடைசியில் வந்தால் வேறொன்று. எங்கள் குழுவில் காயல்பட்டினத்துக் குடும்பத்துப் பையன் ஒருவன் இருக்கிறான். சின்ன வயதிலிருந்தே ஓதப் போனவன் என்பதால் எழுத்துகள் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கும்பகோணத்துப் பிள்ளைக்கும் தூத்துக்குடிப் பிள்ளைக்கும் அவன்தான் அரபி வாத்தியார். பதிலுக்கு அவனுடைய தங்கைக்கு லகர, ளகர, ழகரம் சொல்லிக்கொடுப்பது ஒரு தஞ்சாவூர் அக்கா.

இதெல்லாம் புதுசு இல்லை. நம் ஊர்த் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் சட்டாம்பிள்ளை என்று ஒருவன் இருப்பான். வாத்தியார் வரும் வரை சின்னப் பிள்ளைகளை மணலில் எழுத வைத்து, பாடம் ஒப்பிக்க வைப்பது அவன் பொறுப்பு. 1789-ல் சென்னை எழும்பூரில் இருந்த, ராணுவத்தினரின் ஆண்பிள்ளைகளுக்கான அனாதை விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்றவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்து, தன் பள்ளியிலும் அப்படிச் செய்யச் சொன்னார். அங்கிருந்த ஆசிரியர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனை அழைத்து, கடைசி வகுப்புக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் வேலையை அவனிடம் கொடுத்தார். அது பலித்தது.

ஊர் திரும்பிய பெல் 1797-ல் லண்டனில் இதைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரிலேயே அது பிரிட்டன் முழுக்கப் பரவியது. அவர் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் விட்டுச்சென்ற பணத்தில் தொடங்கிய பள்ளிக்கு இன்றைக்கும் 'மெட்ராஸ் காலேஜ்' என்றுதான் பெயர். ஸ்காட்லாந்தில் ஒரு மெட்ராஸ்!

அதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். சம்பளச் செலவு குறைகிறது என்பதற்காக, நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே ஹாலில் அடைத்து, ஒரே ஒரு ஆசிரியரையும் சில சட்டாம்பிள்ளைகளையும் வைத்து ஒப்பேற்ற ஆரம்பித்தார்கள். பாடம் வெறும் ஒப்பித்தலாக மாறியது. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அந்த முறை மவுசு இழந்தது. ஒரு அண்ணனுக்கு இரண்டு தம்பிகள் என்றால் சரி, இருபது பேர் என்றால் சரிப்படாது. ஆசிரியருக்குப் பதிலாக மாணவர் என்பதும் சரிப்படாது. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2021 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'யிலும் ஒன்று முதல் எட்டாவது வரையான பிள்ளைகளுக்கு அந்தந்தப் பகுதித் தன்னார்வலர்கள் மாலையில்தான் சொல்லிக்கொடுத்தார்கள். பள்ளிக்குப் பக்கபலமாக வந்த ஏற்பாடு அது.

இனி, என் மனதை உறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன்.

தன்னார்வப் பணிக்கு இப்போது ஒரு 'மதிப்பு' வந்துவிட்டது. அமீரகம் 2017-ஐக் 'கொடை ஆண்டு' என்று அறிவித்தது. 2018-ல் தன்னார்வப் பணிக்கென்றே கூட்டாட்சிச் சட்டமும் வந்தது. சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை 'சேவா' என்ற பெயரில் சமூகப் பணி உண்டு. ஐ.பி. பாடத்திட்டத்திலும் அதுபோல ஒரு பகுதி கட்டாயம். வெளிநாட்டுப் பல்கலைக்கழக விண்ணப்பங்களிலும் கேட்கிறார்கள். எல்லாம் நல்ல நோக்கம்தான். ஆனால் இப்போதெல்லாம் யாராவது பிள்ளையை அழைத்து வந்தால், முதல் கேள்வியே "எத்தனை ஹவர்ஸ் கிடைக்கும்? சர்டிஃபிகேட் தருவீங்களா?" என்பதாக இருக்கிறது.

சென்ற வருடம் பதினொன்றாவது படிக்கும் ஒரு பிள்ளை வந்தது. கெட்டிக்காரப் பிள்ளை, நன்றாகவே சொல்லிக்கொடுத்தது. தேவையான மணிக்கணக்கு முடிந்ததும் அடுத்த சனிக்கிழமை வரவில்லை. ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. அந்தப் பிள்ளையிடம் படித்த நாலாவது வகுப்புப் பையன் அடுத்த மூன்று சனிக்கிழமையும் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். வேறு அண்ணனிடம் போகச் சொன்னால், "இல்ல, அவங்க வருவாங்க" என்றான். நாலாவது வாரம் அவனே வரவில்லை. கேட்டதற்கு வயிற்று வலி என்றார்கள்.

நம் ஊரில் என்றால் இது சின்ன விஷயமாக இருக்கலாம். அங்கே தாத்தா பாட்டி, அத்தை மாமா, தெருவே சொந்தம். இங்கே அப்படி இல்லை. அப்பாவுக்கு வேலை போனால் விசா ரத்து, சில வாரங்களில் வீட்டைக் காலி செய்து ஊருக்கு டிக்கெட். வருடத்தின் நடுவிலேயே பெஞ்ச் நண்பன் காணாமல் போவதை நம் பிள்ளைகள் எத்தனையோ முறை பார்த்துவிட்டார்கள். கார் பார்க்கிங்கில் நின்று டாட்டா காட்டிப் பழகியவர்கள். அப்படிப்பட்ட பிள்ளையிடம் 'ஒவ்வொரு சனிக்கிழமையும் உனக்காக நான் வருவேன்' என்று ஒரு அக்கா சொன்னால், அவன் அதை எவ்வளவு இறுகப் பிடித்துக்கொள்வான் என்று யோசித்துப் பாருங்கள். நமக்கு அது இருபது மணி நேரம். அவனுக்கு அது ஒரு ஆள்.

அதனால் இப்போது எங்கள் ஏற்பாட்டில் சில மாற்றங்கள் செய்திருக்கிறோம். உங்கள் பகுதியில் தொடங்க நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

வருகிற பெரிய பிள்ளை ஏப்ரலில் இருந்து ஜூன் கடைசி வரையோ, செப்டம்பரில் இருந்து டிசம்பர் வரையோ ஒரு பருவம் முழுக்க வர வேண்டும். முடியாதென்றால் சேர வேண்டாம், தப்பே இல்லை. ஒருவருக்கு இரண்டு பிள்ளைகளுக்கு மேல் கிடையாது. ஜனவரி முதல் பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு விடுப்பு. ஆனால் போவதற்கு இரண்டு வாரம் முன்பே சின்னப் பிள்ளையிடம் நேரில் சொல்லிவிட வேண்டும். ஹோம்வொர்க்கை எழுதிக்கொடுக்கக் கூடாது. கதவு திறந்தே இருக்கும், பெரியவர் ஒருவர் எப்போதும் ஹாலில் இருப்பார். ரமலானில் நேரத்தை மாற்றிக்கொள்வோம். பணம் கைமாறாது. அக்கம்பக்கத்து வீடுகள் என்ற அளவைத் தாண்டி, பெயர் வைத்துக் குழுவாக நடத்த விரும்பினால் உரிமம் பெற்ற அமைப்பு ஒன்றின் கீழ் செய்வதே முறை.

சர்டிஃபிகேட்டா? நாங்கள் தருவதில்லை. அதனால் சிலர் வருவதில்லை. வருகிறவர்களுக்குக் கிடைப்பது வேறு. பத்தாவது கணக்கில் சுமாரான மார்க் வாங்கிய ஒரு பையன், பின்னம் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதற்காக வெள்ளிக்கிழமை ராத்திரி ஐந்தாவது வகுப்புப் புத்தகத்தை எடுத்து வைத்துப் படித்தான். "அவன் 'ஏன்?'னு கேட்டா எனக்குப் பதில் தெரியணுமே அங்கிள்" என்றான். சொல்லிக்கொடுப்பவருக்கே பாடம் ஆழமாகப் பதிகிறது என்று கல்வி ஆய்வாளர்கள் பல காலமாகச் சொல்லி வருகிறார்கள். அவன் அதையெல்லாம் படித்தவன் இல்லை. பின்னத்தில் கீழே இருக்கும் எண் எதற்காக என்று இப்போதுதான் புரிந்தது என்று அவனே சிரித்துக்கொண்டு சொன்னான்.

இன்னொரு வழக்கத்தையும் கொண்டுவந்திருக்கிறோம். யார் விலகினாலும், தான் சொல்லிக்கொடுத்த பிள்ளையைப் பற்றி அடுத்து வருபவருக்கு ஒரு பக்கம் எழுதி வைத்துவிட்டுப் போக வேண்டும். ஆபீசில் நாங்கள் ஒரு ப்ராஜெக்டைக் கைமாற்றும்போது எழுதுவோமே, அதுபோல. அந்த யோசனை மட்டும் என்னுடையது.

போன டிசம்பரில், பொதுத்தேர்வுக்காக விடைபெற்ற பெண் எழுதியது இப்படி இருந்தது: "ஏழாம் வாய்ப்பாட்டுல ஏழெட்டுல நிப்பான், கொஞ்ச நேரம் கொடுங்க, அவனே சொல்வான். தமிழ் வாசிக்கும்போது விரல் வச்சு வாசிப்பான், எடுக்கச் சொல்லாதீங்க. தப்புப் பண்ணா முகத்தைப் பார்ப்பான், சிரிச்சிடுங்க. கிரிக்கெட் பத்திக் கேட்டா அஞ்சு நிமிஷம் போயிடும், பரவாயில்ல. மார்ச்ல எனக்கு எக்ஸாம் முடிஞ்சதும் ஒரு சனிக்கிழமை வர்றேன்னு சொல்லியிருக்கேன். வருவேன்."

வந்தாள்.