உடன்கரை: ஓர் இடத்தியல் கலைச்சொல்லின் பொருளும் பெயர்ப்பும்

கணிதக் கலைச்சொற்களைத் தமிழாக்குவோர் மூலச்சொல்லின் முன்னொட்டைத் தனியே பெயர்த்து அடிச்சொல்லுடன் இணைப்பது வழக்கம். ஒரே முன்னொட்டு இருவேறு பொருளில் வழங்குமிடத்து இம்முறை பிழைபடும். இடத்தியலில் வழங்கும் 'கோபார்டிசம்' என்னும் சொல் இதற்குத் தக்க சான்றாகும்.

முதற்கண் கருத்தைக் காண்போம். எவ்விடத்தும் அருகிருந்து நோக்கின் இயல்பான வெளியைப் போன்று தோன்றும் வடிவம் பன்மடிவெளி எனப்படும். கோளத்தின் மேற்பரப்பு இருபரிமாணப் பன்மடிவெளியாகும். ஒரே பரிமாணமுடைய இரு மூடிய பன்மடிவெளிகள் சேர்ந்து, ஒரு பரிமாணம் மிகுந்த, முடிவின்றி நீளாத வேறொரு பன்மடிவெளியின் முழு விளிம்பாக அமையுமாயின் அவற்றிடையே இவ்வுறவு உண்டு. குழாயொன்றின் இருமுனை வட்டங்கள் எளிய எடுத்துக்காட்டு.

ரெனே தோம் 1954இல் வெளியிட்ட பிரெஞ்சுக் கட்டுரையில் இவ்வுறவை விரிவாக ஆராய்ந்தார். விளிம்பைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லுக்கு முன் அவர் சேர்த்த 'கோ' என்பது 'உடன்' என்னும் பொருளது. ஆனால் 'கோஹோமாலஜி' போன்ற சொற்களில் அதே முன்னொட்டு 'இருமை' என்னும் பொருள் தருகிறது. மைக்கேல் அட்டியா 1961இல் 'பார்டிசம்', 'கோபார்டிசம்' எனப் பிரித்து, பின்னதை முன்னதன் இருமைக் கோட்பாட்டிற்கு உரியதாக்கினார். ஆகவே இன்று ஒரு சொல்லுக்கு இரு பொருள் நிலவுகின்றன. தமிழில் இவற்றுக்கு இரு சொற்கள் வேண்டும்.

அடிச்சொல்லை இனிக் கருதுவோம். 'எல்லை' நம் பாடநூல்களில் நுண்கணிதத்திற்கு உரியதாகிவிட்டது. 'விளிம்பு' கனசதுரத்தின் பன்னிரண்டு ஓரங்களைக் குறிக்கிறது. 'கரை' என்பதோ ஆற்றுக்கும் ஆடைக்கும் பொதுவானது. தன்னால் சூழப்பெறும் ஒன்றை எப்போதும் உணர்த்துவது. இரு கரைகளுக்கு நடுவே ஆறு இருப்பதுபோல் இரு பன்மடிவெளிகளுக்கு நடுவே உயர்பரிமாண வெளி அமைகிறது. ஒரே கரையுடைய குளம்போல், தனித்தே விளிம்பாகும் பன்மடிவெளிகளும் உள. எனவே உறவை 'உடன்கரைமை' என்றும், அட்டியாவின் கோட்பாட்டை 'இருமைக் கரைமை' என்றும் வழங்கலாம்.

'ஒப்புருமை', 'சமவடிவு' போன்ற பெயர்கள் ஏன் பொருந்தா என்பதை நாற்பரிமாணம் தெளிவாகக் காட்டுகிறது. திசைப்பாடுடைய, மூடிய, வகையிடத்தக்க ஒவ்வொரு நாற்பரிமாணப் பன்மடிவெளிக்கும், அதனுள் அமையும் பரப்புகள் ஒன்றையொன்று வெட்டும் முறையிலிருந்து 'குறியெண்' என்னும் முழு எண் கிடைக்கிறது. குறியெண்கள் சமமாயின், சமமாயின் மட்டுமே, திசைப்பாட்டையும் பேணும் உடன்கரைமை உண்டு. நாற்பரிமாணக் கோளத்தின் குறியெண் 0. இரு கோளப்பரப்புகளின் பெருக்கத்திற்கும் 0. வடிவத்தால் வேறாயினும் இவை உடன்கரையானவை. கலப்பெண் வீழ்ப்புத்தளத்தின் குறியெண் 1. அது இவற்றோடு சேராது.

இடைவெளியை எந்தக் கரையின்மீதும் சுருக்கவல்ல கடுமையான உடன்கரைமையும் உண்டு. எந்த வளையத்தையும் புள்ளியாகச் சுருக்க இயலும் பன்மடிவெளிகளில், ஐந்தும் அதற்கு மேலுமான பரிமாணங்களில், அது இரு கரைகளும் ஒன்றே என உறுதி செய்யும் என்று ஸ்டீபன் ஸ்மேல் 1962இல் நிறுவினார். நாற்பரிமாணத்தில் இது வகையிடல் நிலையில் பொய்க்கும் என்பதை 1987இல் சைமன் டொனால்ட்சன் காட்டினார். 'சமவடிவு' எனப் பெயர்த்திருப்பின் அவரது தேற்றம் தமிழில் 'சமமானவை சமமல்ல' என்றாகிவிடும். உடன்கரையானவை ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதே தேற்றத்தின் உயிர். கலைச்சொல் அதைக் காக்க வேண்டும்.