கிதாருக்குக் காது மாற்றலாம்!

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலைப் பக்கம் போனால் காவலூர் என்று ஒரு சிற்றூர் வரும். அங்கே காட்டு மரங்களுக்கு நடுவே குடை கவிழ்த்தாற்போல் சில வெள்ளைக் கூடுகள் தெரியும். அவைதாம் காவலூர் வான் ஆராய்ச்சி நிலையம். 1986 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கேதான் இருக்கிறது. அந்த நிலையத்தை அமைத்த வைணு பாப்பு 1982லேயே மறைந்துவிட்டார். அவர் பெயரைத்தான் அந்தத் தொலைநோக்கிக்கு வைத்திருக்கிறார்கள்.

வான சாஸ்திரப் பாடம் என்று பயந்து பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! நாம் பேசப் போவது உங்கள் வீட்டுக் கிதாரைப் பற்றித்தான். ஆனால் காவலூரில் ஒரு நல்ல குடும்பப் பாடம் இருக்கிறது. அங்கே தொலைநோக்கியின் கண்ணாடி அதேதான். அது திரட்டிக் கொடுக்கும் ஒளியை வாங்கிக்கொள்ளும் கருவிதான் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. முதலில் புகைப்படத் தகடு. பிறகு ஒளியை மின்சாரமாக்கும் குழாய். அதன் பிறகு சி.சி.டி. என்னும் சிறு சில்லு. புதுக் கருவி வந்ததும் ‘பழைய தொலைநோக்கியைத் தூக்கி எறி’ என்று யாரும் சொல்லவில்லை. கண்ணை மாற்றினார்கள், உடம்பை வைத்துக்கொண்டார்கள்.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம். பையனோ பெண்ணோ இரண்டு வருஷமாக எலெக்ட்ரிக் கிதார் கற்றுக்கொள்ளுகிறது. திடீரென்று ஒரு நாள், “அம்மா! இந்தக் கிதார் சுத்த மோசம். ‘உம்’மென்று இரைகிறது. புதிசு வாங்கினால்தான் வாசிப்பேன்” என்று கண்ணைக் கசக்குகிறது. அப்பா பத்திரிகையால் முகத்தை மறைத்துக்கொள்ளுகிறார். புதுக் கிதாருக்குப் பணம் இல்லையென்றால் கிதார் பரண் மேல் ஏறிவிடும். குழந்தையின் சங்கீதமும் கூடவே ஏறிவிடும். அப்படி ஆகிவிடலாமா? கிதாரின் மரம் நன்றாக இருக்கலாம்; கழுத்து நேராக இருக்கலாம். பழுது அதன் காதில் மட்டும் இருக்கக்கூடும் அல்லவா?

அந்தக் காதுக்குத்தான் ‘பிக்கப்’ என்று பெயர். கம்பிகளுக்கு அடியில் சோப்புப் பெட்டி மூடிபோல் பதிந்திருக்கிறதே, அதுதான். உள்ளே இருப்பது காந்தம். அதைச் சுற்றித் தலைமயிர் பருமனில் செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுக்கள். எஃகுக் கம்பி காந்தத்தின் முன்னால் அதிரும்போது செம்புச் சுருளில் மெல்லிய மின்சாரம் பிறக்கிறது. 1831ல் ஃபாரடே கண்டுபிடித்த அதே தத்துவந்தான். அதைப் பெருக்கி ஒலியாக்குவது ஆம்ப்ளிஃபையரின் வேலை. நைலான் நரம்பு பூட்டிய கிதாருக்கு இது உதவாது. காந்தத்துக்கு நைலானைப் பற்றி ஒன்றும் தெரியாது!

இவ்வளவு சிறிய பொருள் சங்கீதத்தின் போக்கையே மாற்றுமா என்று கேட்பீர்கள். மாண்டலின் ஸ்ரீநிவாஸை நினைத்துப் பாருங்கள். 1981ல், பன்னிரண்டு வயதில், சென்னை மேடையில் உட்கார்ந்த அந்தப் பாலகனின் கையிலிருந்தது மேல்நாட்டு வாத்தியம். சாதாரண மாண்டலினில் இரட்டைக் கம்பிகள் நான்கு ஜோடி; மீட்டிய நாதம் ‘டிங்’கென்று எழுந்து அடங்கிவிடும். கமகத்துக்கு அது போதுமா? அவர் எலெக்ட்ரிக் மாண்டலினை எடுத்துக்கொண்டு, ஒற்றைக் கம்பிகள் ஐந்து வைத்து வாசித்தார். பிக்கப் கேட்டுக் கொடுத்ததனால் நாதம் நீண்டது. நீண்ட நாதத்தில் கமகம் பேசியது. 2014ல் அவர் மறையும்வரை அந்தச் சின்ன வாத்தியம் பெரிய பெரிய சபைகளை நிரப்பியது.

காது கேட்பது நல்லதுதான். வேண்டாததையும் கேட்டால்? அதுதான் அந்த ‘உம்’ இரைச்சல். நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 தடவை முன்னும் பின்னுமாக ஓடுகிறது. ட்யூப் லைட், மின்விசிறி, டிரான்ஸ்ஃபார்மர் எல்லாவற்றைச் சுற்றியும் அந்தத் துடிப்பு இருக்கிறது. ஒற்றைச் சுருள் பிக்கப் அதையும் சங்கீதம் என்று நினைத்துக்கொண்டு வாங்கி அனுப்பிவிடுகிறது. காவலூர்க்காரர்களுக்கும் இதே தொல்லைதான். நட்சத்திர ஒளியோ மிகவும் மெல்லியது. ஆகையால் நகர வெளிச்சம் எட்டாத மலைக்காட்டில் இடம் தேடினார்கள். ஒளி வாங்கும் சில்லைத் திரவ நைட்ரஜனால் குளிரவைத்து அதன் சொந்த இரைச்சலை அடக்கினார்கள். அப்படிப்பட்ட கவனத்தின் பயன் சிறிதல்ல. 1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, அந்த ஒளி முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சம் மங்கியது உலகில் சில இடங்களில் பதிவாயிற்று. காவலூரும் அவற்றுள் ஒன்று. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்பது அப்படித்தான் தெரிய வந்தது.

கிதாரைத் தூக்கிக்கொண்டு நாம் காட்டுக்குப் போக முடியாது. 1955ல் அமெரிக்காவில் கிப்ஸன் கம்பெனியைச் சேர்ந்த சேத் லவர் வேறு வழி கண்டார். ஒன்றுக்கு இரண்டு சுருள், காந்தமும் எதிர், சுற்றின் திசையும் எதிர். கணவன் ஒரு கட்சிக்கும் மனைவி எதிர்க் கட்சிக்கும் ஓட்டுப் போட்டால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடுகின்றன அல்லவா? அதுபோல் இரைச்சல் அடிபட்டுப் போகிறது. கம்பியின் நாதத்தில் மட்டும் தம்பதிகள் ஒரே கட்சி! இதன் பெயர் ‘ஹம்பக்கர்’.

இதெல்லாம் ஆண்பிள்ளைகள் சமாசாரம் என்று ஒதுங்கவும் வேண்டாம். கலிபோர்னியாவில் ஃபெண்டர் கிதார்த் தொழிற்சாலையில் 1956ல் வேலைக்குச் சேர்ந்தார் அபிகெயில் இபாரா என்ற பெண்மணி. செம்புக் கம்பியை விரல்களால் வழிநடத்திச் சுற்றுவது அவர் வேலை. 2013ல்தான் ஓய்வு பெற்றார். அவர் சுற்றிய பிக்கப்புகளை இன்று கிதார்ப் பிரியர்கள் பொக்கிஷம்போல் தேடுகிறார்கள். பூத்தொடுக்கும் கைக்குச் செம்புக் கம்பி ஒரு பிரமாதமா?

சரி, மாற்றுவது எப்படி? முதலில் மாற்றத்தான் வேண்டுமா என்று பாருங்கள். வேறொரு கேபிள் போட்டுப் பாருங்கள். துருப்பிடித்த கம்பிகளை மாற்றுங்கள். கேபிள் செருகும் ஜாக்கும், உள்ளே எர்த் கம்பியும் கழன்றிருக்கின்றனவா என்று கவனியுங்கள். வால்யூம் திருகினால் ‘கரகர’ என்றால் அது அந்தத் திருகின் குற்றம். இவை சரியானாலே பாதிக் கிதார்கள் பிழைத்துக்கொள்ளும்.

அப்படியும் சரிப்படவில்லையென்றால் புதுப் பிக்கப் வாங்கலாம். பழையதன் நீள அகலத்தை அளந்துகொண்டு போங்கள். ஒற்றைச் சுருள் இருந்த குழியில் பெரிய ஹம்பக்கர் நுழையாது; மரத்தைச் செதுக்க வேண்டியிருக்கும். ஒற்றைச் சுருள் அளவிலேயே இரைச்சல் இல்லாதவையும் கிடைக்கின்றன. வால்யூம் கன்ட்ரோல் ஒற்றைச் சுருளுக்குப் பொதுவாக 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500 என்பது வழக்கம். பாட்டரி போட்ட கிதாரானால் கடைக்காரரிடமே விட்டுவிடுங்கள்.

ஆம்ப்ளிஃபையர் கேபிளைக் கழற்றிவிட்டு, மேஜைமேல் பழைய போர்வை விரித்துக் கிதாரைக் கிடத்துங்கள். கம்பிகளைத் தளர்த்தி எடுங்கள். திருப்புளியால் மூடியைக் கழற்றியதும், எதையும் தொடுமுன் டெலிபோனால் நாலு பக்கமும் படம் பிடியுங்கள். எந்த நிறக் கம்பி எங்கே போகிறது என்பதைக் காகிதத்திலும் எழுதுங்கள். நிறங்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். புதுப் பிக்கப்புடன் வரும் துண்டுக் காகிதமே வேதம்.

சால்டரிங் அயர்ன் 30, 40 வாட் போதும். மூட்டின்மேல் அயர்ன் முனையை வைத்துச் சூடேற்றி, ஈயத்தை முனையில் அல்ல, மூட்டில் தொட வேண்டும். ஈயம் தாளித்த எண்ணெய் மாதிரி பளபளவென்று பரவினால் பற்றிக்கொண்டது. உருண்டையாக நின்றால் இல்லை. ஜன்னல் திறந்திருக்கட்டும். சிறு குழந்தைகள் அருகில் வேண்டாம். வேலை முடிந்ததும் கையை நன்றாக அலம்பாமல் பட்சணத்தில் வைக்காதீர்கள், அது ஈயம்.

மூடுவதற்கு முன்னால் ஒரு பரீட்சை. கேபிளைச் செருகி, வால்யூமைக் குறைத்து வைத்துக்கொண்டு, திருப்புளியால் பிக்கப்பை மெதுவாகத் தட்டுங்கள். ‘டொக்’ என்று ஸ்பீக்கரில் கேட்டால் காது திறந்துவிட்டது! கம்பி பூட்டிய பிறகு, இரண்டு பிக்கப்பையும் சேர்த்து வாசிக்கும்போது மட்டும் நாதம் ஜலதோஷம் பிடித்தாற்போல் மெலிந்து கேட்டால், அவை எதிரெதிராக இணைந்துவிட்டன என்று அர்த்தம். ஒன்றின் இரண்டு சுருள் கம்பிகளை இடம் மாற்றினால் சரியாகிவிடும். எர்த் கம்பியை மட்டும் அதன் இடத்திலேயே விடுங்கள். கடைசியாக உயரம்: கம்பிக்கும் பிக்கப்புக்கும் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் இருக்கட்டும். மிகவும் நெருங்கினால் காந்தமே கம்பியைப் பிடித்து இழுத்துச் சுருதியைக் கெடுக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இதற்குத் தாராளம். குழந்தை திருப்புளியைப் பிடிக்கட்டும். நீங்கள் அயர்னைப் பிடியுங்கள். அன்று சாயங்காலம் அந்தக் கிதாரில் எழும் முதல் ஸ்வரத்துக்குக் கடையில் விலை போட முடியாது. அதுமட்டுமல்ல; பழுதானதையெல்லாம் எறிந்துவிடுவதற்கு முன் எந்த இடத்தில் பழுது என்று பார்க்க வேண்டும் என்பதையும் குழந்தை கற்றுக்கொண்டிருக்கும். அந்தப் படிப்பு கிதாருக்கு மட்டுமா உதவும்?