முதலாம் கதையிலிருந்து

ஹட்டனுக்கு அருகே ஒரு தோட்டத்தில் எங்கள் பெண்கள் குழு கூடும். அங்கே வரும் அக்கா ஒருவரின் குடும்பம் 1977 வன்செயலில் மலையகத்தை விட்டு வன்னிக்குப் போனது. 2009இல் அவர் கணவரையும் ஒரு கையையும் இழந்து, மகனோடு உறவினரின் லயத்துக்குத் திரும்பினார். கூட்டத்தில் பேசவே மாட்டார்.

ஒருநாள் மகன் கிழிந்த படக்கதை ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தான். இரும்புக்கை மாயாவி! 1962இல் பிரித்தானியாவின் 'வேலியண்ட்' வார இதழில் தொடங்கிய கதை. 1972இல் சிவகாசி முத்து காமிக்ஸ் தமிழில் தந்தது. என் அப்பா சேர்த்துவைத்த புத்தகங்களை வரிசைப்படுத்தி அவனுக்குக் கொடுத்தேன்.

வரிசையில் வாசித்தால்தான் மாயாவியைப் புரியும். ஆய்வுகூட விபத்தில் வலக்கையை இழந்து இரும்புக்கை பொருத்தியவன். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும், இரும்புக்கை மட்டும் மறையாது. ஆரம்பத்தில் குற்றவாளி, பிறகுதான் மக்களைக் காக்கும் உளவாளி. நடுவிலே எடுத்தவருக்கு அவன் வெறும் வீரன்.

இரவில் மகன் வாசிக்க, அக்காவும் கேட்டிருக்கிறார். அடுத்த கூட்டத்தில் மெதுவாகச் சொன்னார்:

"மிஸ், எல்லாரும் என் கதையை இந்தக் கையிலேருந்துதான் தொடங்குறாங்க. அதுக்கு முந்தி நான் தையல் டீச்சர்."

அன்று அவர் சிறுவயதிலிருந்து சொல்லத் தொடங்கினார். கை போன நாளுக்கு இன்னும் வரவில்லை. நாங்களும் அவசரப்படுத்தவில்லை.

சகோதரிகளே, இழப்பு நம் கதையில் ஓர் அத்தியாயம். அதற்கு முன்னும் நாம் இருந்தோம். சொல்ல விரும்பும்போது, உங்களுக்குப் பிடித்த இடத்திலிருந்து தொடங்குங்கள்.