ஒரு லிட்டர் கழுநீரின் கணக்கு

குடல் செல்லின் சவ்வில் குளோரைடு வெளியேற ஒரு வாய்க்கால் உண்டு. 1,480 அமினோ அமிலங்கள் கோத்த புரதம், பெயர் சிஎஃப்டிஆர். இரண்டு பாக்டீரியாக்கள் இதை வைத்தே காரியம் சாதிக்கின்றன.

டைஃபாய்டு பற்று

டைஃபாய்டு கிருமி இந்தப் புரதத்தைப் பற்றிக்கொண்டு செல்லுக்குள் நுழைகிறது. 1998-இல் சுண்டெலிகளில் பார்த்தார்கள். 508-ஆம் அமினோ அமிலம் மட்டும் விடுபட்ட மரபணு ஒரு பிரதி இருந்தால், குடல் சுவரைத் தாண்டிய கிருமிகள் 86 சதவீதம் குறைவு. இரு பிரதியும் அப்படியென்றால் ஒன்றுகூடத் தாண்டவில்லை.

வாந்திபேதி பற்று

காலரா கிருமி உள்ளே வருவதில்லை, நச்சை அனுப்புகிறது. 1959-இல் கல்கத்தாவின் சம்புநாத் டே இருப்பதாக நிரூபித்த இந்த நச்சில் 6 துண்டுகள்: 5 சவ்வில் ஒட்ட, 1 உள்ளே போக. உள்ளே போனது, வாய்க்காலைத் திறந்துவிடும் சைக்ளிக் ஏஎம்பி என்ற மூலக்கூறை ஏற்றிக்கொண்டே இருக்கும். சிஎஃப்டிஆர் மூடாது. குளோரைடு வெளியேற, சோடியமும் தண்ணீரும் பின்னாலேயே போகும். அரிசி களைந்த கழுநீர் போலப் பேதி, கடுமையான நோயாளிக்கு மணிக்கு 1 லிட்டர் வரை.

அந்தப் பேதியில் பெரியவர்களுக்கு லிட்டருக்குச் சுமாராகப் போவது (மில்லிமோலில்):

சோடியம் – 135
குளோரைடு – 100
பைகார்பனேட் – 45
பொட்டாசியம் – 15

60 கிலோ உடம்பில் 6 லிட்டர் போனால் எடையில் 10 சதவீதம் போச்சு, நாடி பிடிபடாது. அப்போது ரிங்கர் லாக்டேட் டிரிப்: முதல் அரை மணியில் 1.8 லிட்டர், அடுத்த 2½ மணியில் 4.2. கூட்டினால் அதே 6.

வரவு

நச்சு தொடாத வழி ஒன்று மிச்சம்: 1 குளுக்கோஸ், 2 சோடியத்தைக் கூட்டிக்கொண்டு செல்லுக்குள் போகும். 1971-இல் வங்கதேச அகதிகள் தங்கிய போன்காவ் முகாமில் டிரிப் தீர்ந்துபோக, திலீப் மஹாலனபிஸ் உப்பும் குளுக்கோஸும் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த சாவு 3.6 ஆனது.

அப்படிக் கரைத்துக் குடிக்கும் இன்றைய ஓஆர்எஸ் பொட்டலம் 20.5 கிராம்: குளுக்கோஸ் 13.5, உப்பு 2.6, சிட்ரேட் 2.9, பொட்டாசியம் குளோரைடு 1.5. தண்ணீர் 1 லிட்டர்.

மீதி

போன ஒவ்வொரு லிட்டருக்கும் 1 லிட்டர் ஓஆர்எஸ் குடித்தால் தண்ணீர் கணக்கு நேர். பொட்டாசியம் 20 மில்லிமோல் வருவதால் 5 மிகுதி. சோடியம் வருவது 75. குறை 60, அதாவது 3.5 கிராம் உப்பு. நோயாளியைப் பட்டினி போடாமல் உப்புக் கஞ்சி கொடுத்தால் அதுவும் அடைபடும்.