வேகாத பருப்பு, சிவக்கும் தோல்

"எச்.ஐ.வி. இல்லாமலே எய்ட்ஸ் பரவுகிறதாமே, உண்மையா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். தாய்லாந்து, தைவான் நோயாளிகளைப் பற்றி 2012இல் ஓர் ஆய்வு வந்தபோது பத்திரிகைகள் 'மர்ம எய்ட்ஸ்' என்று தலைப்புப் போட்டன. அந்தப் பீதி இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. உண்மையில் அந்த மர்மத்தின் முக்கிய முடிச்சை அவிழ்த்ததே அந்த ஆய்வுதான்.

காசநோய்க் கிருமிக்கு ஒன்றுவிட்ட உறவினர்கள் உண்டு. மண்ணிலும் தண்ணீரிலும் வாழ்பவை. மைக்கோபாக்டீரியம் அப்செசஸ் அவற்றில் ஒன்று. உடலுக்குள் புகுந்தால் மேக்ரோபேஜ் அணுக்கள் அதை விழுங்கிவிடும். ஆனால் விழுங்கியதைச் செரிக்க, இன்டர்பெரான் காமா என்ற புரதம் வந்து உசுப்ப வேண்டும். மேக்ரோபேஜைப் பானை என்று வைத்துக்கொள்ளுங்கள். மெழுகுப் போர்வை போர்த்திய கிருமி பழைய துவரம்பருப்பு, இன்டர்பெரான் தீக்குச்சி. ஆய்வில் வந்த அந்த நோயாளிகளின் உடல் தன் சொந்தத் தீக்குச்சிக்கு எதிராகவே ஆன்டிபாடி தயாரிக்கிறது. உரசுவதற்குள் ஒவ்வொரு குச்சியும் நனைந்துபோகிறது. பருப்பு வேகாமல் ஊறுகிறது, ஊறி முளைவிடவும் செய்கிறது. பசியோடு வந்த கூட்டமோ அடுப்படியில் இடமில்லாமல் திண்ணைவரை நெரிகிறது.

அந்தத் திண்ணைதான் தோல். முகத்திலும் கைகளிலும் தொட்டால் வலிக்கும் செந்தடிப்புகள், சிலருக்குச் சீழ்க்கொப்புளங்கள். சிறு துண்டு வெட்டி நுண்ணோக்கியில் வைத்தால் அந்தப் பசிக் கூட்டம், அதாவது நியூட்ரோபில் என்ற வெள்ளை அணுக்கள், குவிந்து கிடக்கும், கிருமியைக் காணோம். வளர்த்துப் பார்த்தாலும் ஒன்றும் முளைக்காது. கிருமி இருப்பதோ பெரும்பாலும் கழுத்தில் வீங்கிய நிணநீர்க் கட்டிகளில்! எங்கோ நடக்கும் போருக்குத் தோல் சிவக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பூட்டும் விஷயம்.

இத்தகைய தடிப்பை 1964இல் இங்கிலாந்து மருத்துவர் ராபர்ட் டக்ளஸ் ஸ்வீட் விவரித்தார்; அவர் பெயரே நிலைத்துவிட்டது. ரத்தப் புற்றுநோய் உள்ளிட்ட வேறு காரணங்களாலும் அது வரும்.

தோலுக்கு மட்டும் ஸ்டீராய்டு கொடுத்தால் சிவப்பு அடங்கும், உள்ளே கிருமி தொடரும். மாதக்கணக்கில் நுண்ணுயிர்க்கொல்லிகள் வேண்டும். சிலருக்கு, ஆன்டிபாடி சுரக்கும் பி அணுக்களை அழிக்கும் ரிடக்சிமாப் மருந்தும் தருகிறார்கள். மரபணு வாகும் ஒரு காரணம் என்பதால் தென்கிழக்கு ஆசியர்களிடம் இந்தக் குறைபாடு அதிகம்.

கழுத்துக் கட்டி வாரக்கணக்கில் வற்றாமல், எச்.ஐ.வி. பரிசோதனையும் 'இல்லை' என்று வந்து, தோலும் இப்படித் தடித்தால், கட்டியின் திசுவை மைக்கோபாக்டீரியக் கிருமிகளுக்காகச் சோதிக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பக்கத்தில் இருப்பவர்கள் பயப்பட வேண்டாம். இந்த எதிர்ப்புச் சக்திக் குறைபாடு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது.